தாத்தாவின் துப்பாக்கி: உரிமத்தைப் புதுப்பிக்கலாமா?

பூம்பாறைக்காரன்: பூண்டுக்காட்டில் பன்றி விரட்ட தாத்தா வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி. அவருக்கு இப்போது 84 வயது, கை நடுங்குகிறது. தேர்தல் வந்தால் சாக்கில் சுற்றி ஸ்டேஷனில் ஒப்படைக்க நான்தான் சுமக்கிறேன். "அது இருக்குன்னு தெரிஞ்சாலே திருடன் வரமாட்டான்" என்கிறார் சித்தப்பா. சரிதானா?

மன்னவனூர்: பகலில் ஆளில்லா வீட்டில் திருடன் முதலில் தூக்குவதே அதைத்தான். பன்றியையும் அனுமதியில்லாமல் சுட முடியாது, 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது.

கூக்கால் தம்பி: அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,000க்கு மேல். பாதிக்கு மேல் தற்கொலை. திருடனை விடுங்கள், வீட்டில் யாராவது மனசு உடைந்திருக்கிறார்களா, அதைப் பாருங்கள்.

வில்பட்டி அக்கா: எங்களுடையதை ஒப்படைத்துவிட்டோம். இப்போது சோலார் வேலியும் இரண்டு நாயும்தான். நாய்க்குச் சோறுதான் கட்டுப்படியாகவில்லை.

பூம்பாறைக்காரன்: அப்புறம், தாத்தாவிடம் யார் சொல்வது? வாராவாரம் அதற்கு எண்ணெய் போடுகிறாரே!