"உங்கள் தரிசனம் என்ன?" என்று கேட்டால் ஒரு கிராமப் போதகர் என்ன சொல்வது?

கேள்வி: கரிசல்காட்டுப் போதகர்

அன்பானவர்களே, ஸ்தோத்திரம். விளாத்திகுளம் பக்கம் ஒரு சின்னச் சபையில் மூன்று வருடமாக ஊழியம் செய்கிறேன். மொத்தம் 42 குடும்பங்கள். பாதிப் பேருக்குச் சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவதுதான் பிழைப்பு. பெண்கள் நிறையப் பேர் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் விடியற்காலையிலேயே போய்விடுவார்கள். வாலிபப் பிள்ளைகள் திருப்பூரில் இருக்கிறார்கள், கிறிஸ்துமஸுக்கும் அசனத்துக்கும் (சபை விருந்துக்கும்) மட்டும் ஊருக்கு வருவார்கள்.

போன மாதம் மூன்று நாள் தலைமைத்துவப் பயிற்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். சபைக்கான ஐந்து வருடத் தரிசனத்தை, அதாவது கர்த்தர் காட்டும் இலக்கை, ஒரே பக்கத்தில் எழுதச் சொன்னார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய பேனரில் "தரிசனமில்லாத இடத்தில் ஜனங்கள் சீர்கெட்டுப்போவார்கள்" என்று போட்டிருந்தது. நானும் எழுதினேன்: ஐந்து வருடத்தில் 200 குடும்பங்கள், 10 கிளைச் சபைகள், புது ஆலயம். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிவில் அதை வாசித்தேன். சபையில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளியே வரும்போது ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஐப்பசி கார்த்திகையில மழை விழுந்தா எங்களுக்கு மூட்டம் கிடையாது. அந்த ரெண்டு மாசத்தைப் பத்தி அதுல ஒண்ணும் இல்லையே?" என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் எழுதியது கர்த்தர் காட்டியதா, பயிற்சியில் கேட்டதா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. என்னைத் தாங்குகிற ஒரு குழுவினர் மாதக் கடைசிக்குள் அந்தப் பக்கத்தை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில் 1: மதுரை வாலிபர் ஐக்கியம்

அண்ணா, எழுதியதை வீசிவிடாதீர்கள். தரிசனத்தை எழுதிப் பலகைகளிலே தீர்க்கமாக வரையும்படி ஆபகூக் தீர்க்கதரிசிக்குக் கர்த்தரே சொல்கிறார். எங்கள் ஐக்கியத்தில் இரண்டு வருடம் ஒரு திட்டமும் இல்லாமல் வாராவாரம் பாட்டுப் பாடிக் கலைந்தோம். பொறுப்பாளர் அக்கா ஒருவர் ஒரு வருடத்துக்கு என்ன செய்வது என்று எழுதி ஒட்டின பிறகுதான் ஆஸ்பத்திரிச் சந்திப்பு தொடர்ந்து நடக்கிறது. எழுதுவது தப்பில்லை.

பதில் 2: ஓய்வு ஊழியன், நாசரேத்

தம்பி, மதுரைப் பிள்ளை சொல்வது சரி, எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பேனரை முதலில் பார்ப்போம். நம் தமிழ் வேதாகமத்தில் நீதிமொழிகள் 29:18-ல் இருக்கிற வார்த்தை "தீர்க்கதரிசனமில்லாத இடத்தில்" என்பது. அதோடு வசனம் முடியவும் இல்லை. "வேதத்தைக் காக்கிறவனோ பாக்கியவான்" என்று தொடர்கிறது. தேவனுடைய வார்த்தை கேட்கப்படாத இடத்தில் ஜனங்கள் கட்டுக்கடங்காமல் போவார்கள் என்பதுதான் அங்கே பொருள். தலைவனிடம் ஐந்து வருடத் திட்டம் இருக்கிறதா என்று அந்த வசனம் கேட்கவே இல்லை.

நான் 31 வருடம் சேகரங்களில் (பல சபைகள் சேர்ந்த வட்டாரங்களில்) போதகராக இருந்தவன். 1994-ல் ஒரு டவுன் சேகரத்தில் இரண்டு மாடிக் கல்யாண மண்டபம் கட்டுவதுதான் என் தரிசனம் என்று அறிவித்தேன். "கர்த்தர் காட்டினார்" என்று பிரசங்க பீடத்தில் சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னவனிடம் கமிட்டியில் யார் கணக்குக் கேட்பார்கள்? அஸ்திபாரம் போட்டு, தூண்கள் எழும்பின, காசு தீர்ந்துவிட்டது. கடனுக்கு வட்டி கட்டக் கட்ட, கிளைச் சபையைக் கவனிக்கிற உபதேசியாருக்கு நான்கு மாதம் சம்பளம் கொடுக்க முடியவில்லை. அவர் ஒரு நாளும் என்னிடம் வந்து கேட்கவில்லை. அவர் மனைவி கம்மலை அடகு வைத்ததை நான் மாறுதலாகிப் போன பிறகுதான் கேள்விப்பட்டேன். பதினோரு வருடம் அந்தத் தூண்கள் மழையில் நனைந்துகொண்டு நின்றன. அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது அந்தக் கம்மல்தான்.

அதற்கப்புறம், எருசலேமின் மதிலைத் திரும்பக் கட்டிய நெகேமியாவின் புத்தகத்தை ஒவ்வொரு வருடமும் முழுதாக வாசிக்கிறேன். எருசலேமுக்கு வந்து மூன்று நாள் ஆகியும் அவர் எதையும் அறிவிக்கவில்லை. தேவன் தன் மனதில் வைத்ததை ஒருவருக்கும் சொல்லாமல் ராத்திரியில் சில பேரோடு புறப்பட்டு, இடிந்த அலங்கத்தை, அதாவது மதிலை, சுற்றிப் பார்க்கிறார். ஒரு இடத்தில் அவர் ஏறியிருந்த மிருகம் நுழையவும் வழியில்லை. அவ்வளவையும் கண்ணால் பார்த்த பிறகுதான் "கட்டுவோம் வாருங்கள்" என்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் பல பேர் அவரவர் வீட்டுக்கு எதிரே இருக்கிற பங்கைத்தான் கட்டுகிறார்கள். 52 நாளில் வேலை முடிந்தது. இதைத் தலைமைத்துவக் கூட்டங்களில் எல்லாரும் சொல்வார்கள்.

ஐந்தாம் அதிகாரத்தைத்தான் யாரும் அவ்வளவாகத் தொடுவதில்லை. அலங்க வேலை நடக்கிறபோதே ஏழைகள் வந்து கூக்குரலிடுகிறார்கள்: தானியத்துக்காக நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்தோம், பிள்ளைகள் அடிமையாகப் போகிறார்கள் என்று. கடன் கொடுத்தவர்கள் வெளியார் அல்ல, சொந்தச் சகோதரர்கள். நெகேமியா, "முதலில் மதில் முடியட்டும்" என்று அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. பெரிய சபை கூட்டி, வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க வைக்கிறார். தானும் 12 வருடம் அதிபதிக்குரிய படியை வாங்கவில்லை. உங்கள் கையைப் பிடித்த பாட்டி கேட்டது இந்த ஐந்தாம் அதிகாரம், தம்பி. மழை மாதத்தில் உங்கள் ஜனங்கள் யாரிடம் கடன் வாங்குகிறார்கள், என்ன வட்டி என்று உங்களுக்குத் தெரியுமா? முதலில் அதைப் போய்க் கேளுங்கள்.

கமிட்டியிடம் காட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். துரோவாவில் மக்கெதோனியனைத் தரிசனத்தில் கண்டது பவுல் ஒருவர்தான். ஆனால் அப்போஸ்தலர் 16:10-ஐப் பாருங்கள்: கர்த்தர் மக்கெதோனியாவுக்கு அழைக்கிறார் என்று நிச்சயித்துக்கொண்டது "நாங்கள்". ஒருவர் கண்டதைக் கூட இருந்தவர்கள் சேர்ந்து சோதித்து உறுதி செய்தார்கள். நான் 1994-ல் அதைத்தான் செய்யவில்லை.

நம் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் என் நினைவுக்கு வருகிறார். 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்து அவருக்கு உறுத்தியது. அடுத்த வருடமே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. மற்றவர்களைப் போகச் சொன்னவர் 1909-ல் நல்ல பொறுப்பை விட்டுவிட்டுத் தானே தோர்ணக்கல்லுக்குப் போனார். 1912-ல் பேராயரான பிறகும் அந்தத் தெலுங்கு நாட்டு ஏழை ஜனங்களோடுதான் இருந்தார், 1945-ல் மரிக்கும் வரை.

பதில் 3: வேலூரில் படித்த செவிலியர்

ஐயா சொன்னதற்குப் பிறகு சொல்ல அதிகம் இல்லை, ஆனாலும் எங்கள் வேலூர்க் கதை உங்களுக்கு உதவும், பாஸ்டர். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மாவுக்கு மிஷனெரியாகும் எண்ணமே முதலில் இல்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் தங்கள் மனைவிகளின் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் வைத்தியர் வேண்டாம் என்றார்கள், ஐடா அம்மாவுக்கோ வைத்தியம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் அவர் டாக்டருக்குப் படித்து 1900-ல் திரும்பி வந்தார். தொடங்கியது ஒரு படுக்கையோடு. வர முடியாதவர்களைத் தேடிச் சாலையோர மரத்தடிகளுக்கே போய் வைத்தியம் பார்த்தார். 1918-ல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளி. 1947-ல் அதே கல்லூரியில் ஆண்களையும் சேர்த்தார்கள். அடுத்த வருடம் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண்மணி அதன் இயக்குநரானார். ஐடா அம்மா கண்ட தேவை மாறவில்லை. அதைச் செய்கிற விதம் மாறிக்கொண்டே வந்தது, கடைசியில் வேறு கைகளுக்கும் போனது. 200 என்ற எண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கதவைத் தட்டியது அந்தப் பாட்டி.

பதில் 4: கரிசல்காட்டுப் போதகர்

எல்லாருக்கும் நன்றி. ஐயா, உங்கள் பதிலை மூன்று முறை வாசித்தேன்.

இரண்டு வாரமாகச் சாயங்காலம் வீடு வீடாகப் போனேன். ஜெபித்துவிட்டுக் கிளம்பாமல் உட்கார்ந்து மழை மாதத்தைப் பற்றிக் கேட்டேன். 42 வீட்டில் 27 வீடுகளுக்குக் கடன் இருக்கிறது. சிலர் வாரக் குழுக் கடன், சிலர் கந்துவட்டி. இரண்டு வீடுகளில் கடன் கொடுத்தவர் நம் சபைக்காரரே. அவரிடம் தனியாகப் பேசினேன், கடுமையாக இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

கமிட்டியில் அந்தப் பக்கத்தை வைத்து, அவசரப்பட்டு வாசித்துவிட்டேன் என்று சொன்னேன். பொருளாளர் அண்ணன் முதல் தடவையாக மனம் திறந்து பேசினார். ஆலயக் கூரை ஒழுகுவதை மட்டும் இந்த வருடம் பார்ப்போம், மீதியை ஜெபத்தில் வைப்போம் என்று முடிவானது. தாங்குகிற குழுவினருக்கு இன்னும் ஆறு மாதம் வேண்டும் என்று எழுதிவிட்டேன். என்ன சொல்வார்களோ தெரியாது.

பெண்கள் பிடியரிசிப் பானையோடு (சமைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பது) வாரம் இருபது ரூபாய் சேமிப்பும் தொடங்கலாம் என்கிறார்கள். பணத்தைப் பாட்டியிடம் வைக்கலாம் என்று ஏகமனதாகச் சொன்னார்கள். அவருக்கோ எழுதப் படிக்கத் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பார்த்துப் புரிந்துகொள்கிற மாதிரி சேமிப்புக் கணக்கு வைத்த அனுபவம் இங்கே யாருக்காவது இருக்கிறதா? ஐப்பசிக்கு இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது.