செவ்வாய்க்கிழமைக்குள்ள ஒரு சொல் வேணும்

டீச்சர்:
வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு மக்களாட்சி நடத்துறேன். தேர்தல், பேச்சுரிமை, எதிர்க்கட்சி எல்லாம் ஓடிடுச்சு. ஜெயிச்சவங்களையும் பிடிச்சு நிறுத்த ஆள் வேணும்னு சொல்ல வந்தப்போ 'செக்ஸ் அண்ட் பேலன்சஸ்'னு (checks and balances, ஒரு அதிகாரத்தை இன்னொண்ணு தடுத்துச் சமமா வைக்கிறது) போர்டுல தமிழ் எழுத்துல எழுதித் தொலைச்சேன், முதல் சொல்லோடயே கிளாஸ் போச்சு, பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரிக்குதுங்க. அடுத்த வகுப்பு செவ்வாய், அதுக்குள்ள இதுக்கு ஒரு தமிழ்ச் சொல் சொல்லுங்க.

புலவர்:
அம்மா, தடு தடை ஆகும், எடு எடை ஆகும், விடு விடை கொடு கொடை மாதிரி. அப்போ 'தடையெடை'. எதுகை தானா வந்துடுச்சு பாருங்க. 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்'னு 118ஆம் குறள். தராசும் கோல், ஆட்சியும் செங்கோல், அது வளைஞ்சா கொடுங்கோல், ஆக ரெண்டும் ஒரே சொல்லுக்குள்ள இருந்திருக்கு, இதைப் பத்தித் தனியா எழுதுறேன்.

மொழிபெயர்ப்புத் தம்பி:
தனியாவே எழுதுங்க ஐயா :) தடையெடைன்னா பழைய பேப்பர் கடைதான் ஞாபகம் வருது. 'பரஸ்பரக் கட்டுப்பாடு' போதுமே.

புலவர்:
பரஸ்பரம்னு வைக்கிறதுக்கு இத்தனை பேர் கூடிப் பேசணுமா தம்பி? குறள் 448ல 'இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்' இருக்கே, தப்பை இடிச்சுச் சொல்ல ஆள் இல்லாத ராஜா, 'இடிப்புமுறை'ன்னு வைங்க.

மொழிபெயர்ப்புத் தம்பி:
இடிப்புன்னா இப்ப புல்டோசர்தான் ஐயா. அதோட, இடிச்சுச் சொல்றதை ராஜா கேக்கலைன்னா அவ்வளவுதான், அது வெறும் புத்திமதி. இங்க அப்படியா? அதிகாரத்தை அதிகாரமே தடுக்கணும்னு பிரெஞ்சு சிந்தனையாளர் மான்டெஸ்கியூ 1748லயே சொல்லிட்டார். நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தையே திருத்தலாம், ஆனா அடிப்படைக் கட்டமைப்புல கை வைக்க முடியாதுன்னு 1973ல கேசவானந்த பாரதி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அந்த கோர்ட் ஜட்ஜையே நாடாளுமன்றம் தீர்மானம் போட்டு நீக்க வழி இருக்கு. ரெண்டு பக்கமும் பல்லு இருக்கணும், சொல்லுல அது வரணும்.

யாழ்ப்பாணத்து அண்ணர்:
நாங்கள் 'வலுவேறாக்கம்' எண்டு படிச்சனாங்கள், ஒரு பிள்ளையும் சிரிக்கேல்ல.

மொழிபெயர்ப்புத் தம்பி:
அருமையான சொல் அண்ணை, ஆனா அது அதிகாரத்தைப் பிரிக்கிறதுக்கு. பிரிச்சதுக்கு அப்புறம் ஒண்ணை ஒண்ணு தடுக்கிறதுக்குத்தானே கேக்குறாங்க.

யாழ்ப்பாணத்து அண்ணர்:
ஓம், அது சரி. அப்ப 'தடையும் சமனும்' எண்டு போடுங்கோவன்.

டீச்சர்:
நாலு பேர் 'தடையும் சமனும்' சரின்னு தனி மெயில்ல சொன்னாங்க, அதையே எழுதிட்டேன். "சமன்னா ஈக்வலா மிஸ், அப்போ கணக்கா?"ன்னு ஒருத்தன். விளக்கினதும் பின் பெஞ்ச்லேர்ந்து, "அதாவது கவர்மெண்டுக்கு கோர்ட் செக் வைக்குது, கோர்ட்டுக்கு இவங்க செக் வைக்கிறாங்க"ன்னுது ஒண்ணு. இந்தத் தடவை யாரும் சிரிக்கல.

புலவர்:
என் ஓட்டு தடையெடைக்கே. செக்குங்கிறது பாரசீக 'ஷா'விலேர்ந்து வந்தது, ராஜாவைத்தான் குறிக்கும், அதைப் பத்தியும் தனியா எழுதுறேன்.