காசிப் படித்துறைகளை ஒட்டிய சிறு ஹாஸ்டல்கள்: தங்கியவர்களின் அனுபவப் பகிர்வு

தொடங்கியவர், சென்னை

காசியில் அஸ்ஸி படித்துறைக்கும் தசாசுவமேதப் படித்துறைக்கும் இடைப்பட்ட சந்துகளில், பழைய வீடுகளை மாற்றியமைத்து, சில அறைகளில் அடுக்குக் கட்டில்களைப் போட்டு நடத்தப்படும் சிறு ஹாஸ்டல்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. ஓட்டல் அறை வாடகையில் ஒரு பங்கைக் கொடுத்து ஒரு கட்டிலை மட்டும் எடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டில் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று தங்கியவர்கள் எழுதினால், அடுத்துப் போகிறவர்களுக்கு விளம்பரப் படங்களைவிட உதவியாக இருக்கும். நானே தொடங்குகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது, வீட்டுக்காரர் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடும்பத்தோடு வசித்ததுதான். கோதௌலியா சந்திப்புவரை வந்த ஆட்டோ அதற்கு மேல் வராது; அங்கிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு, எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்கி நின்றாக வேண்டிய சந்துகளில், மாடுகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் வழிவிட்டபடி நடக்க வேண்டும். உயர்ந்த சுவர்களுக்கு நடுவே கைப்பேசி வரைபடமும் தடுமாறிவிடுகிறது. நான் தொலைபேசியில் அழைத்ததும் வீட்டுக்காரரின் மகன் சந்திப்புக்கே வந்து அழைத்துப் போனான். காலைப் படகுக்கு எவ்வளவு கொடுத்தால் நியாயம், பிணங்களை எரிக்கும் மணிகர்ணிகைப் படித்துறையில் விறகுக்கு நன்கொடை என்று பணம் கேட்டுப் பின்தொடர்கிறவர்களிடமிருந்து எப்படி விலகுவது, எந்தக் கடையில் கச்சோரி காலை ஒன்பது மணிக்குள் தீர்ந்துபோகும் என்பதையெல்லாம் எந்தக் கமிஷனும் எதிர்பாராமல் அவர் சொன்னார்.

பிடிக்காதது, கட்டில் கொடுக்கும் நேரம். தெற்கிலிருந்து ஒன்றரை நாள் ரயிலில் வந்து விடியற்காலையில் இறங்கினால், மதியம் பன்னிரண்டு அல்லது ஒரு மணிக்குத்தான் கட்டில் என்கிறார்கள். அது நியாயம்தான், முந்தைய இரவு தங்கியவர் எழுந்து போக வேண்டாமா? ஆனால் அதுவரை குளியலறையைப் பயன்படுத்தத் தனிக் கட்டணம் கேட்டது எனக்குச் சிறுமையாகப் பட்டது. பெட்டியை வைத்துக்கொள்ளவும், முகம் கழுவி உடை மாற்றவும் இடம் கொடுக்கிறார்களா என்று முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கல்லூரி ஆசிரியை, கோயம்புத்தூர்

பெண்களுக்கான தனி டார்மிட்டரியில் தங்கியவள் என்ற முறையில் எழுதுகிறேன். கட்டிலுக்குத் திரை, தலைமாட்டில் தனி விளக்கு, கைப்பேசிக்கு மின்னேற்றம் செய்ய ஒரு பிளக், இந்த மூன்றும் இருந்தால் ஆறு பேர் உள்ள அறையிலும் தனிமை கிடைத்துவிடுகிறது. தனியாக வந்த பெண்கள் நால்வராகச் சேர்ந்து மாலை கங்கா ஆரத்திக்குப் போய், கூட்டம் கலைந்த பிறகு இருட்டுச் சந்துகள் வழியே பேசிக்கொண்டே திரும்பியது, ஓட்டலில் தனியறை எடுத்திருந்தால் எனக்குக் கிடைத்திருக்காது. அவர்களில் ஒருவர் மராட்டியத்திலிருந்தும் மற்ற இருவர் தென்கொரியாவிலிருந்தும் வந்தவர்கள்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெண்கள் அறை என்று கதவில் எழுதியிருந்தாலும், துப்புரவு செய்ய வந்த ஆண் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். நாங்கள் சொன்ன பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். ஆனால் நாங்கள் சொல்லும்வரை அது யாருக்கும் தோன்றவில்லை என்பதே என் வருத்தம். குளியலறை அடுத்த தளத்தில், ஆண்களுக்கும் பொதுவாக இருந்தது. "பெண்களுக்குத் தனி டார்மிட்டரி" என்று போட்டிருப்பதைப் பார்த்ததும் குளியலறையும் தனி என்று எண்ணிவிட வேண்டாம், தனியாகக் கேளுங்கள்.

பிறகு, விடியற்காலைப் பிளாஸ்டிக் பை. சூரியோதயப் படகுக்காக நான்கரை மணிக்கே எழுகிறவர்கள், முன்னிரவில் எடுத்து வைக்காத துணிகளைச் சரசரக்கும் பைகளுக்குள் அப்போதுதான் தேடுவார்கள்; அவர்களின் கைப்பேசி மணியோ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் அடிக்கும். இந்தத் தொல்லைக்கு எங்கள் வீட்டுக்காரர் கண்ட தீர்வு எனக்குப் பிடித்திருந்தது. சுவரில் அறிவிப்பு எதுவும் ஒட்டாமல், யார் யார் காலையில் படகுக்குப் போகிறார்கள் என்று இரவு ஒன்பது மணிக்கு அவரே கேட்டு, அவர்களுடைய பையை அப்போதே கூடத்தில் கொண்டுவந்து வைக்கச் சொல்லிவிடுவார். மறுநாள் எங்கள் தூக்கம் கெடவில்லை.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சேலம்

ஆசிரியை அம்மா சொன்ன படகுத் தொல்லை முற்றிலும் உண்மை. என் வயதுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வேறொன்றும் இருக்கிறது. நான் முதலில் தொலைபேசியில் அழைத்த இடத்தில், நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களை டார்மிட்டரியில் எடுப்பதில்லை என்று மரியாதையாகவே சொன்னார்கள். இப்படி வயது வரம்பு வைத்திருக்கும் ஹாஸ்டல்கள் பல ஊர்களில் இருக்கின்றன. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களையும் பெரும்பாலான இடங்களில் சேர்ப்பதில்லை. அந்த விதி முன்பதிவுப் பக்கத்தின் அடியில் எங்கோ எழுதப்பட்டிருக்கும். பணத்தைக் கட்டிவிட்டு வாசலில் நின்று வாதாடுவதைவிட, முதலிலேயே வயதைச் சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவதாக அழைத்த இடத்தில் எனக்குக் கீழ்க்கட்டிலே கொடுத்தார்கள். ரயிலில் அப்பர் பர்த் ஏறி முழங்கால் நொந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அதுவும் ஹாஸ்டல் கட்டில்களின் ஏணிப்படிகள் மெல்லிய இரும்புக் குழாய்கள், வெறுங்காலில் மிதித்தால் உள்ளங்கால் வலிக்கும்.

காசிக்கு வரும் தமிழர்களுக்கு நாட்டுக்கோட்டை நகரச் சத்திரமும் ஹனுமான் படித்துறைப் பக்கத்து மடங்களும் இருக்கும்போது ஹாஸ்டல் எதற்கு என்று என் சம்பந்தி கேட்டார். சடங்குகளுக்காகக் குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சத்திரம்தான் பொருத்தம் என்பதில் எனக்கும் ஐயமில்லை. நான் போனது சடங்குக்காக அல்ல. படித்துறைகளில் நடக்கவும், நினைத்த நேரத்தில் திரும்பிவரவும் போனேன். மாலையில் கூடத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் என்னைத் தயக்கமின்றிச் சேர்த்துக்கொண்டார்கள். பாரதி இளம் வயதில் இந்த ஊரின் ஹனுமான் படித்துறையில் அத்தை வீட்டில் தங்கிப் படித்ததைச் சொன்னபோது, இருவர் மறுநாள் அங்கே என்னோடு வந்தார்கள்.

எனக்கு ஒத்துவராதவை இரண்டு. சனவரிக் குளிரில், வெப்பநிலை பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும் காலையில், எட்டுப் பேருக்கு ஒரே ஒரு 15 லிட்டர் கீசர். மூன்றாவதாகக் குளிக்கப் போகிறவருக்கு வெதுவெதுப்பு மட்டுமே மிஞ்சும். மற்றொன்று மொட்டைமாடியில் நள்ளிரவுவரை ஒலித்த பாட்டு. பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று பலகை தொங்கியது, ஆனால் அந்த நேரத்தில் மாடிக்கு ஏறிப் போய் அதைச் சொல்வதற்குப் பொறுப்பான ஆள் எவரும் கட்டடத்தில் இல்லை.

மதுரை

எனக்கு மூட்டைப்பூச்சி அனுபவம். ஊர் திரும்பிய பிறகுதான் கையில் வரிசையாகத் தடிப்புகள் தெரிந்தன. எந்த ஹாஸ்டல் என்று சொல்ல விரும்பவில்லை, ஏனென்றால் ரயிலிலிருந்தே வந்திருக்கவும் கூடும். அங்கே பணிபுரிந்தவர்கள் யாராவது இருந்தால், இதை அவர்கள் எப்படிக் கையாள்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

முன்னாள் வரவேற்பு ஊழியர், புதுச்சேரி

படுக்கையும் உணவும் பெற்றுக்கொண்டு அதற்கு ஈடாக வேலை செய்யும் ஏற்பாட்டில், காசியின் ஒரு ஹாஸ்டலில் சில மாதங்கள் வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொண்டவன் நான். மதுரை நண்பருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மூட்டைப்பூச்சி அழுக்கால் வருவதன்று, பயணிகளின் பெட்டிகளோடு வருவது; ஆகவே சுத்தமான இடத்திலும் வரும். ஒருமுறை மருந்து தெளித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிற இடத்தில்தான் அது நிலைத்துவிடும், ஏனென்றால் பெரும்பாலான மருந்துகளுக்கு முட்டைகள் தப்பித்து, ஒன்றிரண்டு வாரத்துக்குள் பொரித்துவிடுகின்றன. நாங்கள் அறையை மூடி, மெத்தை உறைகளையும் திரைகளையும் கொதிநீரில் துவைத்து, மரச்சட்டங்களின் இடுக்குகளுக்கு நீராவி கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் மருந்து தெளிப்போம். அந்த அறையின் வருமானம் அதுவரை இல்லை. சிலர் சொல்லாமல் மறைப்பதற்குக் காரணம் இதுதான். கட்டில் கிடைத்தவுடன் பையைத் தரையிலோ மெத்தையிலோ வைக்காமல், மெத்தையின் தையல் ஓரத்தைத் தூக்கி, கரும்புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். அப்படிப் பார்க்கிற விருந்தினரைக் கண்டு நல்ல ஹாஸ்டல்காரர் கோபப்பட மாட்டார்.

எங்களிடம் அதிகமாக வந்த புகார் மூட்டைப்பூச்சி பற்றியதன்று, ஈரம் பற்றியது. மழைக்காலத்தில் விரிப்புகள் உலரவே உலராது. மொட்டைமாடியில் கொடி கட்டினால் குரங்குகள் இழுத்துக் கிழிக்கும்; உள்ளே உலர்த்தினால் ஒருவித வாடை தங்கிவிடும். கங்கையில் வெள்ளம் ஏறும் ஆகஸ்டு, செப்டம்பரில் கீழ்ப் படிகள் மூழ்கிவிடும், படகுகளை நிறுத்திவிடுவார்கள், ஆரத்தியையும் மேலே ஒரு மாடிக்கு மாற்றிவிடுவார்கள். ஆற்றைப் பார்த்தபடி காலைச் சிற்றுண்டி என்ற படத்தை நம்பி அந்த மாதங்களில் வருகிறவர்கள் கோபித்துக்கொள்வதில் தவறில்லை. அதை முன்கூட்டியே சொல்லாதது எங்கள் தரப்பின் தவறு.

விருந்தினர்கள் எரிச்சலடையும் அடையாள அட்டை விவகாரத்தில் மட்டும் நான் எங்கள் பக்கம்தான். வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய விவரப் படிவத்தை (நான் இருந்தபோது அதன் பெயர் ‘படிவம் சி’) இணையவழியில் அரசுக்கு அனுப்பியாக வேண்டும். அதனால் நள்ளிரவில் வந்தாலும் கடவுச்சீட்டையும் விசாவையும் கேட்டே தீருவோம். நம்மவர்களில் பலர் நிரந்தரக் கணக்கு எண் (பான்) அட்டையை நீட்டுவார்கள். அதில் முகவரி இல்லாததால் எங்களால் ஏற்க முடியாது. ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு ஆகியவற்றில் ஒன்று வேண்டும்.

சேலத்து ஐயா சொன்ன இரவுநேரப் பொறுப்பாள் விஷயத்துக்கு வருகிறேன். பகலில் மூன்று பேர் இருப்போம், இரவு பதினொரு மணிக்கு மேல் என்னைப் போன்ற ஓர் இலவசத் தொண்டன் மட்டும் இருப்பான். அவனுக்கு ஊர் தெரியாது, மருத்துவமனை தெரியாது, சம்பளமும் கிடையாது; மாடியில் கூச்சலிடுகிறவர்கள் அன்று மாலைதான் அவனுக்கு நண்பர்களாகியிருப்பார்கள். அவன் எப்படிப் போய் அதட்டுவான்? தங்கியவர்கள் எழுதிவிட்டுப் போகும் மதிப்புரைகளைப் படித்துப் படித்து நான் கண்டது இதுதான்: மெத்தை, கீசர், இணைய வேகம் ஆகியவற்றில் குறை இருந்தாலும் மன்னித்துவிடுகிறார்கள், இரவில் ஒரு சிக்கல் வந்து, கேட்பதற்கு ஆளில்லாமல் போனால் மன்னிப்பதில்லை. சென்னை நண்பருக்கு அமைந்ததுபோல வீட்டுக்காரர் அதே கட்டடத்தில் படுத்துறங்குகிற ஹாஸ்டலுக்கும், முதலாளி வேறு ஊரில் இருந்துகொண்டு கேமராவில் பார்க்கிற ஹாஸ்டலுக்கும் வாடகை ஒன்றாகவே இருக்கும். எது எப்படிப்பட்டது என்பது படங்களில் தெரியாது, தொலைபேசியில் கேட்டால்தான் தெரியும்.

ஆய்வு மாணவர், காசி இந்துப் பல்கலைக்கழகம்

அண்ணன் அடையாள அட்டையைப் பற்றிச் சொன்னதில் ஒரு பகுதியை மட்டும் மறுக்கிறேன். நான் திருநெல்வேலிக்காரன், வங்கி வசதிக்காக ஆதாரில் முகவரியைக் காசிக்கு மாற்றியிருந்தேன். ஊரிலிருந்து வந்த நண்பர்களோடு அஸ்ஸிக்கு அருகில் ஓர் இரவு தங்கலாம் என்று போனபோது, உள்ளூர் முகவரி உள்ளவர்களுக்குக் கட்டில் கிடையாது என்று என்னை மட்டும் வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் குடிப்பதற்கும் வேறு காரியங்களுக்கும் அறை எடுத்துப் போலீஸ் தொல்லை வந்துவிடும் என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் தமிழ்நாட்டு முகவரியோடு வந்த என் நண்பனை நம்புகிறவர்கள், பல்கலைக்கழக அட்டையோடு நிற்கும் என்னை நம்ப மறுப்பதில் என்ன தர்க்கம் இருக்கிறது? நண்பர்கள் உள்ளே படுத்தார்கள், நான் பல்கலைக்கழக விடுதிக்குத் திரும்பினேன்.

முன்னாள் வரவேற்பு ஊழியர், புதுச்சேரி

தம்பி கேட்பதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் அப்படிச் சிலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அது முதலாளியின் விதி. காவல் நிலையத்துக்கு ஒருமுறை போய்வந்த முதலாளி அதன் பிறகு எந்த விதிவிலக்கும் கொடுப்பதில்லை.

தொடங்கியவர், சென்னை

எழுதிய அனைவருக்கும் நன்றி. போகத் திட்டமிடுகிறவர்களுக்காக இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். வட இந்தியப் பஞ்சாங்கப்படி வரும் கார்த்திகைப் பௌர்ணமியன்று தேவ் தீபாவளி. படித்துறைகள் முழுவதும் விளக்கேற்றும் அந்த நாளையொட்டி, சாதாரண நாள்களின் வாடகை பல மடங்காகும். குறைந்த விலைக்கு மாதங்களுக்கு முன்பே பதிவு செய்திருந்த என் உறவினருக்கு, "அறையில் பழுது" என்று காரணம் சொல்லிக் கடைசி வாரத்தில் ரத்து செய்தார்கள். அதே கட்டில் அன்று மாலையே அதிக விலைக்கு இணையத்தில் தெரிந்தது. அந்த வாரத்துக்குப் பதிவு செய்கிறவர்கள் இடையில் ஒருமுறை அழைத்து உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

டிசம்பர், சனவரி மூடுபனியில் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். குறித்த நாளில் வந்து சேரவில்லை என்றால் பதிவை ரத்து செய்துவிடுகிற ஹாஸ்டல்கள் இருப்பதால், ரயிலிலிருந்தே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். இறங்கும் நிலையத்தையும் சரியாகச் சொல்ல வேண்டும்: வாரணாசி சந்திப்பு வேறு, 2021-இல் பெயர் மாற்றப்பட்ட பழைய மண்டுவாடி நிலையமாகிய பனாரஸ் வேறு. ஆட்டோவுக்கு ஏற்பாடு செய்கிற வீட்டுக்காரர் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.