வைஃபைல மட்டும் ரேடியோ ஆடியோ அறுபடுது, வீட்டு நெட்டும் சேர்ந்து படுத்துருது

மொட்டைமாடி ஹாம்:
வணக்கம் மக்களே, மாடில ராஸ்பெரி பை 4 (குட்டி கம்ப்யூட்டர்), ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி4 டாங்கிள் (யூஎஸ்பில சொருகற ரேடியோ ரிசீவர்), 40 மீட்டர் பேண்ட் டைபோல் ஆன்டெனா வச்சு கேஏ9க்யூ-ரேடியோங்கற ரிசீவர் சாஃப்ட்வேர் ஓட்டுறேன். 7 மெகாஹெர்ட்ஸ்ல அஞ்சு சேனல், ஒண்ணு எஃப்டி8, ஒண்ணு விஸ்பர் (ரெண்டும் கம்ப்யூட்டர் டிகோட் பண்ற டிஜிட்டல் மோடு), மிச்சம் எஸ்எஸ்பி (பேச்சு), எல்லாமே கம்ப்ரஸ் பண்ணாத பிசிஎம் ஆடியோ, மல்டிகாஸ்ட்ல (ஒரே பாக்கெட்ட கேக்கறவங்க எல்லாருக்கும் அனுப்பற முறை) போகுது. பைல இருந்து ரவுட்டருக்கு லேன் கேபிள்தான். கேபிள்ல இருக்கற டெஸ்க்டாப்ல சுத்தமா கேக்குது, லேப்டாப்ல வைஃபைல கேட்டா வார்த்தைக்கு வார்த்தை அறுபடுது. அதவிட தலைவலி, அப்ப வீட்ல யாருக்கும் யூடியூப் ஓடாது, அம்மா சத்தம் போடுறாங்க. நெட் லைன் 100 எம்பிபிஎஸ், என் ஆடியோ 1 எம்பிபிஎஸ் கூட வராது. எங்க இடிக்குது?

கொக்கி ஒயர்:
ரவுட்டர மாத்துங்க ப்ரோ.

பழைய ரிசீவர்:
அவசரப்பட்டு காச விடாதீங்க. லேப்டாப்ப மூடி வச்சிட்டா யூடியூப் ஓடுதா?

மொட்டைமாடி ஹாம்:
மூடுனாலும் ஓடல சார். பைய ஆஃப் பண்ணாதான் சரியாகுது.

பழைய ரிசீவர்:
அப்ப அதேதான். உங்க ரவுட்டர்ல ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (கேக்கறவங்க பக்கம் மட்டும் மல்டிகாஸ்ட அனுப்பற வசதி) இல்ல, இல்லன்னா ஆஃப்ல கெடக்கு, அதனால யாரும் கேக்காட்டியும் மல்டிகாஸ்ட வைஃபைல கொட்டிட்டே இருக்கு. வைஃபைல மல்டிகாஸ்ட் இருக்கறதுலயே கம்மியான வேகத்துலதான் போகும், 2.4 கிகாஹெர்ட்ஸ்ல பல ரவுட்டர்ல அது 1 எம்பிபிஎஸ். வந்து சேர்ந்துச்சான்னு பதிலும் கெடையாது, அதனால தொலைஞ்ச பாக்கெட்ட திரும்ப அனுப்பாது, அதான் அறுபடுது. 12,000 சாம்பிள், 16 பிட், மோனோன்னா சேனலுக்கு 192 கேபிபிஎஸ், அஞ்சுக்கு 960. 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட்னு வச்சா 480 பைட் ஆடியோ மேல 40 பைட் ஹெட்டர், அங்கயே 1 எம்பிபிஎஸ் தாண்டிருச்சு. லைன் 100 இருந்து என்ன பண்ண, காத்து மொத்தமும் உங்க ரேடியோதான்.

சிடபிள்யூ பைத்தியம்:
எல்லாத்தயும் ஓபஸ்ல (ஆடியோவ சுருக்கற கோடெக்) போட்டு விடுங்க, சேனலுக்கு 24 கேபிபிஎஸ் போதும்.

பழைய ரிசீவர்:
பேச்சுக்கு சரி, எஸ்எஸ்பி அதுல தாராளமா புரியும். எஃப்டி8க்கு வேணாம். ஓபஸ் மனுஷன் காதுக்குன்னு செஞ்சது, காதுக்கு கேக்காதுன்னு தோணுறத கண்ணு மூடிட்டு தூக்கி எறியும். எஃப்டி8 சிக்னல் மொத்தமே 50 ஹெர்ட்ஸ் அகலம், டோனுக்கு டோன் 6.25 ஹெர்ட்ஸ், இரைச்சலுக்கு 20 டிபி கீழ கெடக்கறதயும் தோண்டி எடுக்கும். பக்கத்து ஸ்டேஷன் பலமா அடிக்கறப்போ கோடெக் மொதல்ல பலி குடுக்கறது அந்த மெலிசு சிக்னலத்தான். அதனால எஃப்டி8, விஸ்பர் டிகோட பைலயே ஓட்டுங்க, டிடிஎல்ல (பாக்கெட் எவ்வளவு தூரம் தாண்டிப் போகலாம்ங்கற எண்) 0 ஆக்கிட்டா மல்டிகாஸ்ட் பைய விட்டு வெளிய வராது. எஸ்எஸ்பிய மட்டும் ஓபஸ் ஆக்கி லேப்டாப்புக்கு யூனிகாஸ்ட்ல (அந்த ஒரு மெஷினுக்கு மட்டும்) அனுப்புங்க. டெஸ்க்டாப்புக்கும் அதே வழிதான். மல்டிகாஸ்டே வேணும்னு அடம்பிடிச்சா, அத யூனிகாஸ்டா மாத்தற ஆப்ஷன் ஓப்பன்டபிள்யூஆர்டிங்கற ரவுட்டர் சாஃப்ட்வேர்ல இருக்கு.

மொட்டைமாடி ஹாம்:
சார் பண்ணிட்டேன், யூடியூப் ஓடுது, எஸ்எஸ்பி அறுபடல. ஆனா ஒரு சந்தேகம், எஃப்டி8ல மட்டும் ஒரு யூனிகாஸ்ட் பிசிஎம் லேப்டாப்புக்கும் விட்டுப் பாத்தேன். பைல டிகோடர் பட்டியல்ல டிடிங்கற வரிசை (சிக்னல் எத்தனை செகண்டு தள்ளி வந்துச்சுன்னு) எல்லாருக்கும் 0.1, 0.2ன்னு காட்டுது, லேப்டாப்ல அதே ஸ்டேஷன் எல்லாருக்கும் 1.4, 1.5. க்ளாக் என்டிபில (நெட் வழியா நேரம் சரிபண்றது) சரியாதான் இருக்கு.

பழைய ரிசீவர்:
ஒருத்தனுக்கு மட்டும் தள்ளி இருந்தா அவன் க்ளாக் தப்பு, எல்லாருக்கும் ஒரே அளவு தள்ளி இருந்தா உங்க பக்கம் லேட்டு. ப்ளேயர்ல பஃபர் ஒரு செகண்டுக்கு மேல வச்சிருப்பீங்க, 200 மில்லிசெகண்டுக்கு இறக்குங்க. 2 செகண்டுக்கு மேல ரொம்பத் தள்ளிப் போனா டிகோடே ஆகாது.

மொட்டைமாடி ஹாம்:
ஆமா 1,300ன்னு இருந்துச்சு. இறக்கிட்டேன், இப்ப 0.3. விஸ்பருக்கும் இது பொருந்துமா?

பழைய ரிசீவர்:
பொருந்தும், அதுவும் நேரம் பாத்து தொடங்கற மோடுதான். அது பைலயே இருக்கட்டும்.