லூப் திரும்பும் இடத்தில் ஒரு 'டிக்': உங்களுக்கு எந்தக் குழாயில்?
(குழாய் ஆர்கனின் ஒவ்வொரு குழாயையும் பதிந்து கணினியில் வாசிக்கிறோம். சாவியைப் பிடித்திருக்கும்வரை ஒலி நீள, பதிவின் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதே லூப்.)

இரண்டடி:
2 அடி ஸ்டாப் (ஒரே தொனியுள்ள குழாய் வரிசை; அடி எண் சிறிதானால் சுருதி உயரும்), கடைசி மேல் சி சுரம். கிராண்ட்ஆர்க் என்ற ஆர்கன் மென்பொருளில் சாவியை அழுத்திப் பிடித்தால் 2 விநாடிக்கொரு தரம் 'டிக்'. லூப்பின் இரு முனையும் சுழிக்கோட்டில், அதாவது அலை சுழியைக் கடக்கும் இடத்தில்தான் இருந்தன. கோளாறு ஒரே ஒரு சாம்பிள், அதாவது பதிவின் ஓர் அளவெண்! வேவ் கோப்பின் லூப் பகுதியில் எழுதும் இறுதி எண், ஒலிக்கும் கடைசி சாம்பிளுக்கு உரியது, அதற்கு அடுத்ததற்கு அல்ல. தொடக்கம் 1,44,000, நீளம் 96,000 என்றால் இறுதி 2,39,999. அங்கே இருந்ததோ 2,40,000. 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் (விநாடிக்கு 48,000 சாம்பிள்), 8,372 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஓர் அலைக்கே 5.7 சாம்பிள்தான். ஒன்று கூடினால் 60 டிகிரிக்கு மேல் நழுவிவிடும். கீழ் சி-யில் இதே பிழை காதுக்கு எட்டாது. அதனால்தான் கடைசிவரை சிக்காமல் இருந்தது.

சப்பாஸ்16:
சுழிக்கோட்டை நம்பியதே தப்பு. ஒரு முனையில் அலை ஏறும், மறுமுனையில் இறங்கும், இரண்டும் சுழிதானே? சரிவும் ஒத்துப்போகணும். தாழ்சுருதி ஸ்டாப்களில் தொல்லை 'டிக்' இல்லை, காற்று. 16 அடி கீழ் சி, 32.7 ஹெர்ட்ஸ், அரை விநாடி லூப்: குழாய்வாயின் 'ஷ்ஷ்' அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்து ரம்பம் இழுப்பதுபோல் கேட்டது. 3, 4 விநாடி நீளத்தில் மூன்று லூப் போட்டால் மாறி மாறி ஓடும், காது கண்டுபிடிக்காது.

செலஸ்தே:
கிராஸ்ஃபேட் (லூப்பின் இரு முனையையும் ஒன்றோடொன்று கரைத்து இணைப்பது) போட்டால் போதும் என்று யாராவது வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். செலஸ்தே என்பது சுருதி சற்றே விலகிய இரு குழாய் வரிசை; இரண்டையும் சேர்த்துப் பதிந்ததில் ஒலி ஏறி இறங்கும் அதிர்வலை விநாடிக்கு 1.5. லூப் 2.3 விநாடி. அலை அடங்கும் இடத்தில் வெட்டி எழும் இடத்தில் ஒட்டியதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு விக்கல். 30 மில்லிவிநாடி கிராஸ்ஃபேட் 'டிக்'கைத்தான் மறைத்தது, விக்கல் அப்படியே. 2 அல்லது 4 விநாடி வைத்தால் 3, 6 அலை முழுதாக அடங்கும்.

காற்றுப்பெட்டி:
யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும்: வரிசை முக்கியம். முதலில் ஊதுபொறி இரைச்சலை நீக்குங்கள். அதிகம் நீக்கினால் ரிலீஸில், அதாவது சாவியை விட்டபின், வரும் தேவாலய எதிரொலி தண்ணீருக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். பிறகு முன்பக்கம் வெட்டு, பிறகு சாம்பிள் வீதம். லூப் போட்ட பின் 48,000-ஐ 44,100 ஆக்கினால் ஒவ்வொரு எண்ணையும் 0.91875-ஆல் பெருக்கணும். 1,44,000 என்பது 1,32,300 ஆகும், ஆனால் பெரும்பாலான எண்களுக்குப் பின்னம் வரும். அதை முழு எண்ணாக்கினால் இரண்டடி சொன்ன அதே நழுவல். லூப் அதற்குப் பின்தான். கடைசியாக ரிலீஸ் தொடங்கும் இடத்தைக் காட்டும் கியூ குறி. சாதாரண எடிட்டர் பல, சேமிக்கும்போது லூப்பையும் கியூவையும் சத்தமில்லாமல் அழித்துவிடும். சாவியைப் பிடித்திருக்கும்போதே குழாய் ஓய்ந்துபோனால் முதல் சந்தேகம் அங்கேதான்.

இரண்டடி:
வரிசை சரி. ஆனால் வீதத்தை ஏன் மாற்றணும்? 48-லேயே விடுங்கள்.