தெஹிவளை மாடியில் அரைநிலா

கொழும்பில் வான் பார்க்கப் போவதென்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது போயா தினம்தான். பாடசாலை இல்லை, அலுவலகம் இல்லை, வானில் முழுநிலாவும் இருக்கிறது. ஆனால் தெஹிவளையில் தம் வீட்டு மேல்மாடியில் சொந்தச் செலவில் வான் அவதான நிலையம் அமைத்து, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வரும் எவரையும் கட்டணமின்றி வரவேற்கும் ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர், அந்த ஒரு நாளைத் தவிர்க்கச் சொல்கிறார். முழுநிலாவன்று சூரிய ஒளி நிலவின் மீது நேர்முகமாக விழுவதால் பள்ளங்களுக்கும் மலைகளுக்கும் நிழலே இருப்பதில்லை. அந்த வெளிச்சத்தில் மங்கலான விண்மீன் கூட்டங்களும் மறைந்துபோகின்றன.

எனவே நாங்கள் ஜனவரிக் கடைசியில், அரைநிலா நாளொன்றில் சென்றோம். இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டின் ஓரத்தில், 150 கிலோமீற்றருக்கும் அதிக அகலமுள்ள தொலமேயஸ் பள்ளத்தின் விளிம்பு கன்னங்கரிய நிழலை உள்ளே விரித்திருந்தது. அதற்குச் சற்று அப்பால், முழு இருட்டுக்குள் ஊசிமுனையளவு ஒளிப்புள்ளி ஒன்று தனித்து நின்றது. அது விடியலின் முதற்கதிர் பட்ட ஒரு மலையுச்சி என்று பொறியியலாளர் சேர் விளக்கினார். அரை மணி நேரம் கழித்து மீண்டும் பார்த்தபோது அதனருகே இன்னொரு புள்ளியும் எரியத் தொடங்கியிருந்தது. வேறோர் உலகில் பொழுது புலர்வதை என் கண்ணாலேயே பார்த்தேன் என்பதை இன்றும் வியப்போடுதான் எழுதுகிறேன்.

அவருடைய கருவி 8 அங்குல ஆடி கொண்ட தெறிதொலைகாட்டி. கொழும்பு வட அகலக்கோடு 7 பாகைக்கு அண்மையில் இருப்பதால், தொலைகாட்டியைச் சுமந்து வானின் சுழற்சியோடு திருப்பும் தாங்கியின், துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டிய அச்சு ஏறக்குறையக் கிடையாகவே படுத்துவிடுகிறது. குளிர்நாடுகளை மனதில் வைத்துச் செய்யப்பட்ட தாங்கிகள் பல இவ்வளவு தாழ்வதில்லை. தாழ்ந்தாலும், தொலைகாட்டியின் எடையைச் சமன்செய்யும் எதிர்ப்பாரக் கம்பி முக்காலியில் இடிக்கும். அதற்காகப் பஞ்சிகாவத்தைப் பட்டறையொன்றில் இரும்புத் துண்டு வெட்டி அவரே ஒரு சரிவுத்தாங்கி செய்திருக்கிறார். தகரக் கூரை, கேற்றுக்குப் போடும் உருளைகளில் நகர்ந்து திறக்கிறது. கடற்கரைப் பாதையில் ரயில் போகும்போது நிலவின் உருவம் முழுவதும் நடுங்கும். அது அடங்கும்வரை யாரும் பார்வைத்துண்டில் கண் வைக்க வேண்டாம் என்பார். ரயிலைவிட அவரை வருத்துவது உப்புக்காற்றும் ஈரமும்தான். பூஞ்சணம் படர்ந்த பழைய வில்லையொன்றை விளக்கின் முன் பிடித்துக் காட்டினார். கண்ணாடியின் மேற்பரப்பில் வெண்மயிர் போன்ற இழைகள் கிளைவிட்டு ஓடியிருந்தன. மற்றவற்றையெல்லாம் ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதிகளோடு, காற்றுப் புகாத பெட்டியில் வைத்திருக்கிறார்.

அன்றைக்கு எங்களோடு வந்திருந்த ஓர் அம்மா, தமக்கு ஏழரைச் சனி நடப்பதாகவும் சனியைப் பார்க்க மாட்டேன் என்றும் ஒதுங்கி நின்றார். சேர் அவருடைய நம்பிக்கையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. “அம்மா, நீங்கள் இப்போது பார்க்கப்போகும் வெளிச்சம் அங்கிருந்து புறப்பட்டு 80 நிமிடத்துக்கு மேலாகிறது. விருப்பமிருந்தால் பாருங்கள்” என்று மட்டும் கூறினார். 2025 மார்ச்சில் வளையங்களின் தளம் பூமிக்கு நேர்விளிம்பாகத் திரும்பியதால், படங்களில் காணும் அகன்ற வளையம் அன்று இல்லை; கோளின் இருபுறமும் நீண்ட மெல்லிய கோடுதான் தெரிந்தது. அந்த அம்மா கடைசியில் வந்து பார்த்தார். பிறகு வரிசையில் இரண்டாம் முறையும் நின்றார். பக்கத்தில் தெரியும் சிறு புள்ளி எது என்று கேட்டு, சனியின் நிலவான டைட்டனின் பெயரைக் கைப்பையிலிருந்த தாளில் எழுதிக்கொண்டார். வருபவர் எந்த எண்ணத்தோடு வந்தாலும் அவருக்கு நேரம் கொடுக்கும் இந்தப் பண்புக்காகவே நான் அந்த இடத்தைப் பலருக்கும் பரிந்துரைக்கிறேன்.

மாளிகாவத்தையிலிருந்து வந்த ஓர் ஆசிரியர் தலைப்பிறையை எங்கே தேடுவதென்று கேட்டார். பூமத்தியரேகைக்கு அண்மையில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாகக் கடலில் இறங்குவதால், பிறை அதற்கு நேர் மேலே, இரு முனைகளும் உயர்ந்து தோணிபோல் கிடக்கும் என்று சேர் கையால் கோடு போட்டுக் காட்டினார். சூரியன் முழுமையாக மறையும்வரை தொலைகாட்டியை அந்தத் திசைக்குத் திருப்பவே கூடாது, ஒரு கணம் சூரியன் உட்புகுந்தாலும் பார்வை போய்விடும் என்று அவர் அழுத்திச் சொன்னதைப் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் மனதில் வைக்க வேண்டும்.

செல்ல விரும்புகிறவர்கள் ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்களைத் தெரிந்தெடுங்கள். மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் மேகம் விலகுவது அரிது. நகர வெளிச்சத்தில் நெபுலாக்கள் எனும் விண்முகில்களின் வண்ணங்களை எதிர்பார்க்க வேண்டாம். இருளுக்குப் பழகிய கண்கள் கூசாதிருக்க, கைவிளக்கைச் சிவப்புத் தாளால் மூடிக்கொண்டு போங்கள். மார்ச்சில் நள்ளிரவு வரை தங்க முடிந்தால், தென்கிழக்கில் எழும் ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்தைக் காட்டும்படி கேளுங்கள். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் தொடுவானத்துக்கு மேலே வராத அந்தக் கொத்து நமக்கு வசதியான உயரத்திலேயே கிடைக்கிறது.