மூன்று பிராண்ட் ஸ்மார்ட் சாதனங்களும் ஒரே காலையில் ஆப்பில் இருந்து காணவில்லை, அவசர உதவி தேவை

தெங்கா_புதுவீடு (சனி, காலை 9:12)
அவசரம். வீட்டில் ஸ்மார்ட் சுவிட்ச், சீலிங் ஃபேன், ஏர்கான் கண்ட்ரோலர் மூன்றுமே காலையில் இருந்து வேலை செய்யவில்லை. நேற்று இரவு படுக்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரே கம்பெனி என்றால் அவர்களுக்கே போன் போட்டிருப்பேன், ஆனால் மூன்றும் மூன்று கம்பெனி, ஒன்று போனாலும் மற்றது இருக்கட்டும் என்று வேண்டுமென்றே பிரித்து வாங்கினேன். மூன்றும் ஒரே நேரத்தில் எப்படிப் போகும்? வைஃபைக்குள் யாராவது புகுந்துவிட்டார்களா? ரூட்டரை இரண்டு முறை அணைத்துப் போட்டாயிற்று, மெயினையும் ஒரு முறை. நாளை சாயங்காலம் அம்மா ஊரில் இருந்து வருகிறார். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

காப்பி_ஓ_கோசோங் (9:20)
சகோ, 'வேலை செய்யவில்லை' என்றால் என்ன? கையால் தட்டினால் விளக்கு எரிகிறதா? எந்த ஆப்? எந்த பிராண்ட்? ரூட்டர் எங்கே இருக்கிறது? இதெல்லாம் இல்லாமல் நாங்கள் என்ன சொல்வது.

ஜூரோங்_வயர்மேன் (9:26)
நியூட்ரல் வயர் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்குள் பெரும்பாலும் நியூட்ரல் இழுத்திருக்க மாட்டார்கள். நியூட்ரல் இல்லாத ஸ்மார்ட் சுவிட்ச், விளக்கின் வழியாகவே கொஞ்சம் மின்சாரத்தை இழுத்துத்தான் உயிர் வாழும். குறைந்த வாட் எல்இடி போட்டால் அதற்குப் போதாது, விளக்கு சிமிட்டும், சுவிட்ச் வைஃபையை விட்டுவிடும். நான் பார்த்த பத்து வீட்டில் ஏழு வீட்டுக் கோளாறு இதுதான்.

செங்காங்_17வதுமாடி (9:31)
வயர்மேன் அண்ணே, ஃபேனுக்கும் ஏர்கான் கண்ட்ரோலருக்கும் நியூட்ரல் பிரச்சினை எங்கிருந்து வரும்? இது ரூட்டர்தான். பாம் ஷெல்டருக்குள், அதாவது வீட்டுக்குள் இருக்கும் அந்தக் கான்கிரீட் பதுங்கறையில் வைத்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் ஃபைபர் பெட்டி அங்கே பக்கத்தில் என்பதால் ரூட்டரையும் உள்ளே வைத்து இரும்புக் கதவைச் சாத்திவிட்டோம், சமையலறை சுவிட்ச் ஒரு மாதம் வந்து வந்து போனது. இல்லாவிட்டால் ரூட்டர் தானாக அப்டேட் ஆகி 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்திருக்கும், அல்லது பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று மாற்றியிருக்கும். இந்தச் சின்னச் சாதனங்களில் பெரும்பாலானவை 2.4 மட்டும்தான் பேசும்.

பழைய_மோடம் (9:48)
இதே கேள்விக்கு இங்கே நான்கு முறையாவது பதில் எழுதியிருக்கிறேன், தேடிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. மூன்று கம்பெனி வாங்கினேன் என்கிறீர்கள். நீங்கள் வாங்கியது மூன்று அட்டைப்பெட்டி.

ஹாங்சோவில் 2014ல் துயா என்று ஒரு நிறுவனம் தொடங்கியது. ஃபேன் செய்கிறவருக்கு ஃபேன் செய்யத் தெரியும், சர்வர் நடத்தவும் ஆப் எழுதவும் ஆள் வைக்க முடியாது. அவருக்கு வைஃபை மாட்யூல், கிளவுட் (இணையத்தில் ஓடும் சர்வர்), ஆப் மூன்றையும் சேர்த்துக் கொடுப்பதுதான் துயாவின் தொழில். அவர் மாட்யூலை வாங்கிப் பலகையில் சாலிடர் செய்து, ஆப்பின் முகப்பில் தன் லோகோவைப் போட்டு விற்கிறார். ஈவீலிங்க் என்பதும் இதே மாதிரி ஏற்பாடுதான், சோனாஃப் தவிர வேறு பல பிராண்டுகளும் அதில் ஓடுகின்றன. நம்பவில்லை என்றால் ரூட்டரின் பக்கத்துக்குப் போய் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். மேக் முகவரிக்குப் (ஒவ்வொரு சாதனத்தின் நெட்வொர்க் அடையாள எண்) பக்கத்தில் தயாரிப்பாளர் பெயர் காட்டும் ரூட்டர் என்றால், சுவிட்ச், ஃபேன் இரண்டுக்குமே பெரும்பாலும் துயா அல்லது எஸ்பிரஸிஃப் (வைஃபை சிப் செய்கிற நிறுவனம்) என்றுதான் இருக்கும், பெட்டியில் இருந்த பெயர் இருக்காது.

ஆகவே சர்வர் பக்கம் ஏதோ நடந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் சாதன நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றபோதும் ஆட்கள் இப்படித்தான் ரூட்டரை அணைத்து அணைத்துப் போட்டார்கள். ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டுக் கணினியிலேயே ஓடும் மென்பொருள்) வைத்து எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே ஓட்டுங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

தெங்கா_புதுவீடு (10:05)
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். கையால் தட்டினால் விளக்கு எரிகிறது. ஃபேனும் ஏர்கானும் அதனதன் ரிமோட்டில் ஓடுகின்றன. ரூட்டர் ஹாலில் டிவிக்குக் கீழே. ஆப் ஒன்றுதான், ஸ்மார்ட் லைஃப், மூன்றும் அதில்தான் இருந்தன. ரூட்டர் பட்டியலில் மூன்றில் ஒன்றுகூட இப்போது இல்லை.

காப்பி_ஓ_கோசோங் (10:09)
மூன்று கம்பெனிப் பொருளும் ஒரே ஆப்பில் சேர்ந்ததே மோடம் சொல்வதற்குச் சாட்சி. உள்ளே ஒரே தளம் என்றால்தான் அது முடியும். ஆனால் சர்வர் நின்றிருந்தால் சாதனங்கள் ரூட்டர் பட்டியலில் இருக்க வேண்டுமே, வைஃபையை எதற்கு விட்டன?

செங்காங்_17வதுமாடி (10:15)
அதனால்தான் ரூட்டர் என்கிறேன். அது இருக்கட்டும், பெட்டியில் இணையப் பாதுகாப்பு முத்திரை இருந்ததா? யாரோ புகுந்துவிட்டார்களோ என்று அவர் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பழைய_மோடம் (10:22)
அந்த முத்திரை என்ன சொல்கிறது என்று தெரிந்துதான் கேட்கிறீர்களா? சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020 அக்டோபரில் கொண்டுவந்த திட்டம், நான்கு நிலை. முதல் நிலையில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் இருக்கக் கூடாது, மென்பொருள் அப்டேட் வர வேண்டும். நான்காம் நிலையில் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து உடைத்துப் பார்ப்பார்கள். எல்லாம் பொருளைப் பற்றியது. நாளைக்கு அந்த கிளவுட் இருக்குமா என்பதற்கு அதில் உத்தரவாதம் இல்லை. சர்வரே வேண்டாம் என்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?

ஈசூன்_அக்கா (10:30)
மோடம் சார், எங்கள் அப்பாவுக்கு 78 வயது. நான் வேலையில் இருக்கும்போது அவர் படுக்கையறை விளக்கு இரவு அணைந்ததா, காலையில் எரிந்ததா என்று போனில் பார்த்துத்தான் நிம்மதியாக மீட்டிங்குக்குப் போகிறேன். வீட்டில் தனியாக ஒரு சர்வர் வைத்து, அதை மாதா மாதம் அப்டேட் செய்து, அது ஒரு நாள் படுத்துக்கொண்டால் லீவு போட்டு வந்து எழுப்பவும் எல்லாராலும் முடியாது. கிளவுட் வைத்திருக்கிறவர்கள் யோசிக்காதவர்கள் என்கிற மாதிரி எழுதாதீர்கள்.

பழைய_மோடம் (10:41)
அக்கா, உங்களுக்காகத்தான் சொல்கிறேன். அப்பா விஷயம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். உங்கள் போன் வெளியே இருக்கும்போது நீங்கள் தட்டுகிற ஒவ்வொரு தட்டும் ஒரு டேட்டா சென்டர் வரை போய்த்தான் ஈசூனுக்குத் திரும்பி வருகிறது. 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் தரத்தில் வரும் சாதனங்களை வாங்கினால், விளக்கைப் போடவும் அணைக்கவும் தயாரிப்பாளரின் கிளவுட் வேண்டியதில்லை, வீட்டு வைஃபைக்குள்ளேயே முடிந்துவிடும். சர்வரும் நீங்கள் நடத்த வேண்டாம்.

ஈசூன்_அக்கா (10:47)
ஏற்கெனவே சுவரில் மாட்டியிருக்கிற சுவிட்ச் மேட்டராக மாறாதே. அடுத்த முறை வாங்கும்போது பார்க்கிறேன், அது நல்ல யோசனைதான். இப்போது தம்பியைக் கவனிப்போம்.

தம்பி, இரண்டே கேள்வி. ஆப்பைத் திறந்தால் சாதனங்களின் பெயர் இருந்து, மங்கலாக, கீழே ஆஃப்லைன் என்று வருகிறதா, அல்லது பட்டியலே காலியா? இன்னொன்று, மெயினை அணைத்துப் போட்டபோது சுவிட்சில் இருக்கும் குட்டி விளக்கு என்ன செய்தது?

தெங்கா_புதுவீடு (11:02)
பட்டியலே காலி அக்கா. ஆப்பில் சாதனங்களைத் தொகுத்து வைக்கும் 'வீடு' என்று ஒன்று இருக்குமே, அதுவும் இல்லை, புதிதாக ஒன்று உருவாக்கச் சொல்கிறது. குட்டி விளக்கு, நீங்கள் கேட்ட பிறகுதான் ஞாபகம் வருகிறது, மெயின் வந்ததும் ஹாலில் நான்கு சுவிட்சும் படபடவென்று நீலமாக அடித்தன, நொடிக்கு இரண்டு முறை இருக்கும். சில நிமிடத்தில் தானாக நின்றுவிட்டது. ஃபேனிலும் பீப் பீப் என்று சத்தம். கரண்ட் வந்ததற்கான அடையாளம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

ஈசூன்_அக்கா (11:10)
அப்படியானால் சர்வரும் இல்லை, ரூட்டரும் இல்லை, நியூட்ரலும் இல்லை. அவை மூன்றில் எது போனாலும் பட்டியலில் பெயர் இருக்கும், ஆஃப்லைன் என்று மட்டும் காட்டும், கோளாறு சரியானதும் தானாக வந்துவிடும். பட்டியல் காலியாகி, விளக்கு வேகமாக அடித்தால் அந்தச் சாதனத்துக்கு இப்போது சொந்தக்காரர் இல்லை, பேரிங் மோடில் புது ஆளைத் தேடுகிறது என்று அர்த்தம். ஆப்பில் யாராவது சாதனத்தை நீக்கினால் கிளவுட் அதற்குச் செய்தி அனுப்பும், அது உன் வைஃபை கடவுச்சொல்லையும் மறந்துவிடும். ரூட்டர் பட்டியலில் காணாமல் போனது அதனால்தான். ஒரு 'வீட்டை' முழுசாக அழித்தால் உள்ளே இருக்கிற எல்லாம் ஒரே நேரத்தில் போகும், எந்தக் கம்பெனிப் பெயர் ஒட்டியிருந்தாலும்.

இவற்றை முதன்முதலில் யார் போனில் சேர்த்தீர்கள்?

தெங்கா_புதுவீடு (11:16)
காண்ட்ராக்டரின் ஆள். சாவி வாங்கிய சமயம் எங்களுக்கு இன்னும் இன்டர்நெட்கூட வரவில்லை, அவருடைய போன் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்துச் சோதித்தார். அப்புறம் எங்கள் வைஃபைக்கு மாற்றி, எனக்கு ஷேர் செய்தார். அதன் பிறகு நான் எதையும் தொடவில்லை.

காப்பி_ஓ_கோசோங் (11:19)
இத்தனை நாளாக வேறொருவர் கணக்கில் இருந்தது உங்கள் வீடு.

ஜூரோங்_வயர்மேன் (11:25)
இதில் அந்த ஆளைத் திட்ட வேண்டாம், எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற வேலை இது. ஒப்படைக்கிற நாளில் வாடிக்கையாளர் போன் கையில் இருக்காது, ஆப் இறக்கியிருக்க மாட்டார், நாங்கள் இன்னொரு வீட்டுக்கு ஓட வேண்டும். எங்கள் போனில் பத்துப் பதினைந்து வீடு சேர்ந்துவிடும், ஒரு நாள் உட்கார்ந்து பழையதை எல்லாம் அழிப்போம். நான் இப்போது வாடிக்கையாளர் போனிலேயே சேர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். நியூட்ரல் என்று நான் சொன்னது இங்கே பொருந்தாது, சரி.

ஈசூன்_அக்கா (11:38)
தம்பி, பயப்பட ஒன்றும் இல்லை, யாரும் உள்ளே புகவில்லை. சொந்தக் கணக்கில் மறுபடி சேர்க்க வேண்டும், ஒரு மணி நேர வேலை. போனை 2.4 வைஃபையில் வைத்துக்கொள். சுவிட்ச் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் விளக்கு மறுபடி வேகமாக அடிக்கும், அப்போது ஆப்பில் சேர்க்கலாம். பெயர்களைப் பழையபடியே வை, இல்லாவிட்டால் குரல் கொடுக்கும்போது குழம்பும். டைமர், 'இரவு வணக்கம்' மாதிரி வைத்திருந்த காட்சிகள் எல்லாம் அந்தப் பழைய வீட்டோடு போயிருக்கும், அவற்றைப் புதிதாகத்தான் அமைக்க வேண்டும்.

சேர்ப்பதற்கு முன் ஒன்று பார். உன் கணக்கைத் திறந்தபோது எந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தாய்? உன் மனைவி எந்த நாட்டை? அந்த நாட்டை வைத்துத்தான் உன் கணக்கு எந்த டேட்டா சென்டரில் இருக்கும் என்று முடிவாகிறது. இரண்டு பேர் வேறு வேறு டேட்டா சென்டரில் இருந்தால் ஒரே வீட்டில் படுத்திருந்தாலும் ஒருவருக்கொருவர் ஷேர் செய்ய முடியாது, அப்படி ஒரு கணக்கே இல்லை என்று சொல்லும். நான் இரண்டு நாள் இதில் மாட்டிக்கொண்டேன், ஏனென்றால் அப்பாவின் கணக்கை ஊர் எண் வைத்து இந்தியா என்று திறந்திருந்தேன். திறந்த கணக்கில் நாட்டை மாற்ற வழி இல்லை, அழித்துவிட்டுப் புதிதாகத்தான் திறக்க வேண்டும். சாதனம் எதுவும் சேர்ப்பதற்கு முன் இப்போது செய்தால் சுலபம்.

பழைய_மோடம் (11:52)
நீக்கப்பட்டிருக்கும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும், அக்கா கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் ஹோம் அசிஸ்டன்ட் பக்கம் வருவதாக இருந்தால், ஒவ்வொரு முறை மறுபடி சேர்க்கும்போதும் சாதனத்தின் லோக்கல் கீ (வீட்டுக்குள்ளிருந்தே அதோடு பேசத் தேவையான ரகசியச் சாவி) மாறிவிடும். அந்தச் சாவியையும் கிளவுட்தான் கொடுக்கிறது. ஆகவே முதலில் கணக்கைச் சரி செய்துவிட்டு அப்புறம் அந்த வேலைக்கு வாருங்கள்.

தெங்கா_புதுவீடு (ஞாயிறு, மதியம் 2:40)
சரியாகிவிட்டது. காண்ட்ராக்டருக்குப் போன் செய்தேன், வெள்ளி இரவு பழைய வீடுகளை அழித்ததாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். மனைவியின் கணக்கு இந்தியாவில்தான் இருந்தது, அழித்துப் புதிதாகத் திறந்தோம். ஏர்கான் கண்ட்ரோலரில் மட்டும் ரிமோட்டின் பொத்தான்களை மறுபடி பதிய வேண்டியிருக்கிறது. அம்மாவை அழைத்து வர சாங்கி விமான நிலையம் கிளம்புகிறேன், எல்லாருக்கும் நன்றி, அக்காவுக்கு ரொம்ப நன்றி.

பீஷான்_மாலை (செவ்வாய், இரவு 10:55)
இதைப் படித்துவிட்டு என் ஆப்பைத் திறந்து பார்த்தேன், என் வீடும் என் பெயரில் இல்லை, உறுப்பினர் என்றுதான் போட்டிருக்கிறது. எங்களுக்குச் செய்து கொடுத்த ஐடி நிறுவனம் போன வருடமே மூடிவிட்டது, எண் அடிக்கவே இல்லை. சுவிட்சுகளைப் பொத்தான் அழுத்தி என் கணக்கில் சேர்த்துவிட்டேன். வாசல் கேமரா மட்டும் வேறு கணக்கில் இருக்கிறது என்று சொல்லி மறுக்கிறது. என்ன செய்வது?

ஈசூன்_அக்கா (செவ்வாய், இரவு 11:20)
கேமராவைப் பெரும்பாலும் அப்படித்தான் கட்டிவைப்பார்கள், திருடிக்கொண்டு போகிறவர் சேர்க்க முடியாதபடி. பழைய கணக்குக்காரர் விடுவிக்காமல் அழுத்திப் பிடித்தால் மட்டும் நடக்காது. வாங்கிய ரசீதையும், கேமராவின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணையும் படம் எடுத்து, ஆப்பிலேயே உதவி கேட்கும் இடத்திலும் பிராண்டுக்கும் அனுப்பி, விடுவிக்கச் சொல்லிக் கேளுங்கள். பதில் வரும் வரை அதன் ப்ளக்கைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். அந்தக் கணக்கை யார் வைத்திருந்தாலும் உங்கள் வாசலைப் பார்க்க முடியும்.

பீஷான்_மாலை (செவ்வாய், இரவு 11:24)
பிடுங்கிவிட்டேன்.